ஸ்டாண்ட் பையில் நின்ற மஞ்சள் வண்டி

வண்டி வந்த நாள்

"சேகர் பாய், இந்த வண்டி ஆவரேஜ் குடுக்கலேன்னா அடுத்த கப்பல்ல மெயின்லேண்டுக்கு ஏத்தி விட்டுருவேன். சென்னைல ஒருத்தன் எடுத்துக்கிறேங்கான். கடைசியா ஒரு தடவ நீங்க பாத்துருங்க."

தங்கவேல் சார் இப்படிச் சொல்லிக்கொண்டே தன் மஞ்சள் வண்டியை என் ஒர்க்‌ஷாப்புக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். எனக்கு முதலில் வந்தது சிரிப்புதான். ரெண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரை வைத்துக்கொண்டு பெட்ரோல் குடிக்கிறது என்று புகார் சொல்வது, வீட்டில் புலியைக் கட்டிவிட்டு அது இட்லி சாப்பிட மாட்டேன் என்கிறது என்று வருத்தப்படுவது மாதிரி. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டேன். வண்டியைக் கொடுத்துவிடுகிறேன் என்று வாய்தான் சொன்னது. கை இன்னும் ஸ்டியரிங்கை விடவில்லை.

போர்ட் பிளேயரில் வண்டி வேலைக்கு வரும் தம்பிமார்களுக்காக இதை எழுதுகிறேன். டெய்ரி ஃபார்ம் ஏரியாவில் ஒர்க்‌ஷாப் போட்டு என் தலை முழுக்க வெளுத்துவிட்டது. "ஆவரேஜ் இல்ல பாய்" என்று வராத கஸ்டமர் கிடையாது. தமிழர், பெங்காலி, தெலுங்கர், மலையாளி எல்லோரும் சேர்ந்து ஒரே குரலில் கேட்கும் கேள்வி இந்தத் தீவில் அது ஒன்றுதான். மைலேஜ் என்ற சொல் மெயின்லேண்டோடு நின்றுவிட்டது. இங்கே எல்லாமே ஆவரேஜ்.

முதலில் அந்த வண்டியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். தங்கவேல் சார் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் செகண்ட் இன்ஜினியராக இருந்து ரிட்டையர் ஆனவர். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். அவர் மனைவி மரகதம் அக்கா ஃபீனிக்ஸ் பே கப்பல் ஜெட்டியில் டிக்கெட் கவுன்டரில் வேலை பார்த்தவர். ஊரையெல்லாம் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, கட்டிய புருஷனையும் அனுப்பிவிட்டு, மின்னி பே பகுதியில் தனியாக வீட்டைப் பார்த்துக்கொண்டவர். அந்த மஞ்சள் வண்டி அப்போது ஒரு ரிசார்ட் முதலாளியிடம் இருந்தது. அது ஜெட்டி வாசலைக் கடக்கும்போதெல்லாம் அக்கா டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பாராம். நம் ஊர் ஸ்பீட் பிரேக்கரில் அடி தட்டித் தட்டி அந்த முதலாளி வெறுத்துப்போய் விற்றபோது, சார் வாங்கிக்கொண்டார்.

"பாதி ஆயுசு நான் கடல்ல, நீ கவுன்டர்ல. இனிமேயாவது ஒரே வண்டில போவோம்" என்றாராம். இதை அக்கா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு முறையும் வெட்கப்பட்டுக்கொண்டு.

அந்த வண்டியில் அவர்கள் சுற்றியது கொஞ்ச காலம்தான். அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் பிழைத்தார், பேச்சும் திரும்பியது. இடது கை பாதி வந்தது. இடது காலில் மட்டும் உணர்ச்சியே இல்லை. தடியை ஊன்றி நடப்பார், ஆனால் தரை தெரியாது. தினமும் பெரிய ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி. ஆட்டோவில் போகலாம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன்.

"ஆட்டோல போனா எல்லாரும் என்னப் பாத்து ஐயோ பாவம்ங்காங்க சேகர். இதுல போனா வண்டியப் பாக்காங்க" என்றார் அக்கா.

அந்த நேரம் பார்த்து டேங்கர் கப்பல் வரத் தாமதமானது. பெட்ரோல் பங்கில் ஆளுக்கு இவ்வளவுதான் என்று அளந்து ஊற்றினார்கள். தங்கவேல் சார் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெயிலில் கியூவில் நின்றார். அதை அக்காவால் தாங்க முடியவில்லை. என்னைச் சுமக்கிற வண்டிக்காக நீங்கள் இந்த வயசில் கியூவில் நிற்க வேண்டாம், விற்றுவிடுங்கள் என்று ஒரே பிடியாக நின்றார். வண்டி போனால் அக்கா ஆட்டோவில்தான் போக வேண்டும். அது அவருக்கு எப்படி இருக்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும், சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பார்த்த வேலைகள்

தம்பிமார்களே, ஆவரேஜ் கம்ப்ளெயின்ட் வந்தால் உடனே இன்ஜினைத் திறக்காதீர்கள். முதலில் நாலு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பாருங்கள். நம் ஊர் உப்புக் காற்றில் பிரேக் காலிப்பரின் பின் என்கிற ஆணி துருவேறி இறுகிவிடும். பெடலில் இருந்து காலை எடுத்தாலும் பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டே ஓடும். இந்த வண்டியிலும் பின்சக்கரம் ஒன்று அப்படித்தான் முனகியது. கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தேன். காற்று குறைவாக இருந்தது, சரி செய்தேன். ஏர் ஃபில்டரைத் தட்டினால் பாதி தீவின் மண் கொட்டியது.

பிறகு டிக்கியைத் திறந்தேன். அங்கே ஒரு குட்டி இன்ஜின் ரூமே இருந்தது. ஸ்பேர் ஆல்டர்னேட்டர், ஸ்பேர் வாட்டர் பம்ப், ரெண்டு டூல் பாக்ஸ், ஒரு சுருள் கப்பல் கயிறு.

"சார், கயிறு எதுக்கு?"

"நடுவுல நின்னுட்டா?"

"நம்ம ரோட்டுல நடுவுல நின்னா தள்ளிவிட ஆளு வருவாங்க சார். ஹட் பே போற கப்பல் மாதிரி நடுக்கடல்ல நிக்கப் போறதில்லையே."

ஸ்பேர் இல்லாமல் கரையை விட்டுக் கிளம்பினால் அவருக்குத் தூக்கம் வராது. கப்பல்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். அவரோடு மல்லுக்கட்டி, எல்லாவற்றையும் இறக்கி என் ஒர்க்‌ஷாப் அலமாரியில் வைத்தேன். கயிற்றை மட்டும் தரமாட்டேன் என்று மடியில் வைத்துக்கொண்டார்.

ஓட்டும் முறையையும் பேசினோம். நம் ஊர் ரோடு ஏறும், இறங்கும், வளையும். சமமாக ஓடுவது என்று ஒன்று கிடையாது. ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜினுக்கு இழுவை நிறைய உண்டு. அதைச் செகண்ட் கியரில் கத்தவிட வேண்டாம், சீக்கிரமே மேல் கியருக்குப் போய்விடலாம். மேடு தெரிந்ததும் மிதிக்காமல், அதற்கு முன்பே கொஞ்சம் வேகம் பிடித்துக்கொள்ள வேண்டும். இறக்கத்தில் கியரை விடாமல் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டால் இன்ஜின் பெட்ரோல் கேட்காது. முன்னால் பஸ் நிற்கப்போகிறது என்று தெரிந்தால் தூரத்திலேயே ஆக்சிலேட்டரை விட்டுவிட வேண்டும். சார் இதையெல்லாம் எனக்கு முன்பே செய்துகொண்டிருந்தார். இன்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டே அதன் மனசைச் சொல்கிற மனுஷர். அவருக்கு நான் பாடம் எடுத்தது எனக்கே சிரிப்பாக இருந்தது.

ஆவரேஜ் கொஞ்சம் ஏறியது. ஆனால் போதவில்லை. கப்பலில் வண்டிக்கு இடம் பிடித்தாகிவிட்டது என்று சார் வந்து சொன்னார்.

அப்போதுதான் மீட்டரில் இன்னொரு கணக்கைப் பார்த்தேன். ஆவரேஜ் காட்டும் அதே இடத்தில், பட்டனை அழுத்தினால் சராசரி வேகமும் வரும். பெரும்பாலும் அதை யாரும் பார்ப்பதில்லை. அதில் இருந்த வேகத்துக்கு, அக்காவைத் தடியோடு நடத்தியே கூட்டிப் போயிருக்கலாம். அப்படியென்றால் வண்டி ஓடுவதைவிட நின்றுகொண்டு எரிப்பதுதான் அதிகம்.

"சார், வண்டிய ஸ்டார்ட்ல எங்கயாவது நிக்க விடுறீங்களா?"

"ட்ராஃபிக்ல நிக்கும்லா" என்றார், என்னைப் பார்க்காமல்.

போர்ட் பிளேயரில் அவ்வளவு ட்ராஃபிக்கா? நான் விடவில்லை. நாளைக்கு நான் ஸ்கூட்டரில் பின்னால் வருகிறேன் என்றேன்.

பின்னால் போன நாள்

மின்னி பேயிலிருந்து ஆஸ்பத்திரி வரை ஓட்டியதில் ஒரு குறை சொல்ல முடியாது. வாசலில் அக்காவை இறக்கினார். அந்தத் தாழ்ந்த சீட்டிலிருந்து அக்கா எழுவதே பெரிய வேலை. சார் கையை நீட்டுவார், அக்கா தட்டிவிடுவார். கதவைப் பிடித்து, தடியை ஊன்றி, தானே எழுந்தால்தான் அவருக்குத் திருப்தி. உள்ளே போனதும் சார் வண்டியை வெயிலில் ஓரங்கட்டினார். இன்ஜினை அணைக்கவில்லை. ஏசியை முழுக்கத் திருப்பிவிட்டு இறங்கி, பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

நான் கிட்டப் போனேன். "சார், ஆஃப் பண்ணுங்க. அக்கா வர ரொம்ப நேரம் ஆகும்."

"இல்ல பாய். ஸ்டாண்ட் பை."

கப்பல் துறைமுகத்துக்குள் நுழையும்போது இன்ஜின் ரூமுக்கு வரும் ஆர்டர் அது. எந்த நொடி கூப்பிட்டாலும் தயாராக இரு என்று அர்த்தம். கப்பலைக் கரையில் கட்டி முடித்த பிறகு மேலேயிருந்து "ஃபினிஷ்ட் வித் இன்ஜின்" என்று வரும். அதுவரை நிறுத்தக் கூடாது.

"இது கப்பல் இல்ல சார்" என்றேன், கொஞ்சம் கோபமாகவே.

அவர் கதவைத் திறந்து அக்காவின் சீட்டைக் காட்டினார். கறுப்புத் தோல் சீட். அதன் முன் ஓரத்தில் அழகுக்காக ஓர் அலுமினியப் பட்டி.

"முத நாளு ஆஃப் பண்ணித்தான் வச்சிருந்தேன். அவ வந்து உக்காந்தா. பேசிக்கிட்டே வீட்டுக்குப் போனோம். வீட்ல போய் பாத்தா அந்தக் காலுல, கெண்டச் சதையில, இவ்வளவு பெரிய கொப்பளம். இந்தப் பட்டி சுட்டுருக்கு. அவளுக்குத் தெரியல சேகர். வழி முழுக்க சுட்டுருக்கு, சிரிச்சுக்கிட்டே வந்திருக்கா."

அவர் கதவைச் சாத்தினார்.

"எதுல சுட்டதுன்னு அவளுக்குச் சொல்லல. சொன்னா இந்த வண்டில ஏற பயந்துருவா. நீங்களும் சொல்லிராதீங்க."

நான் இத்தனை வருஷம் எத்தனையோ இன்ஜின்களைப் பார்த்திருக்கிறேன். எங்கே பெட்ரோல் போகிறது என்று கண்டுபிடித்துவிட்டு அழுதது அந்த ஒரு நாள்தான்.

அக்கா கேட்டது

அன்றே வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவரச் சொன்னேன். அலுமினியப் பட்டியை நெம்பிக் கழற்றி எறிந்தேன். வெள்ளைப் பருத்தித் துணியில் சீட்டுக்கு உறை தைக்கக் கொடுத்தேன். முன் கண்ணாடிக்கு உள்ளே விரிக்க ஒரு வெள்ளித் தாள் மறைப்பு வாங்கி வைத்தேன். நிழல்தான் பாக்கி. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு பெரிய பாதாம் மரம் உண்டு. அங்கே போனால் காவலுக்கு நின்ற பெங்காலிக்காரர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"இதர் நஹி பாய். ஸ்டாஃப் பார்க்கிங் ஹை."

மரகதம் அக்காவுக்காக என்றேன். யார் மரகதம் என்றார். ஃபீனிக்ஸ் பே கவுன்டர் என்றதும் அவர் கை இறங்கிவிட்டது.

"டிக்கெட்வாலி தீதி? டிக்கெட் குடுக்கிற அக்காவா? அரே, மாயாபந்தர்ல என் அம்மா சீரியஸ்னு போன் வந்தப்ப, ஃபுல் ஆன கப்பல்ல எனக்கு சீட் புடிச்சுக் குடுத்தது தீதி. லே ஆவ், கொண்டு வாங்க" என்று இந்தியும் தமிழுமாகக் கொட்டி, மரத்தடியைத் தானே பெருக்கி வைத்தார்.

எல்லாம் சரி. ஆனால் சார் இன்ஜினை அணைக்க மறுத்துவிட்டார். உறை விலகிவிட்டால்? வெயில் திரும்பிவிட்டால்? கப்பல் கிளம்ப ரெண்டு நாள்தான் இருந்தது.

அன்று மரத்தடியில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, வண்டியில் உட்கார்ந்தபடியே அக்கா என்னைக் கூப்பிட்டார். "என்ன சேகர், வண்டில என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சியா?"

சார் எனக்குக் கண்ணால் ஜாடை காட்டினார். நான் சொல்லிவிட்டேன்.

"வண்டில கோளாறு இல்லக்கா. உங்க வீட்டுக்காரர்கிட்டதான் கோளாறு."

எல்லாவற்றையும் சொன்னேன். கொப்பளத்தைச் சொன்னேன், ஸ்டாண்ட் பையைச் சொன்னேன். அக்கா தன் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு சாரைப் பார்த்தார்.

"எனக்கு ஏசி போடத்தான் அந்த வெயில்ல கியூல நின்னீங்களா?"

சார் ஸ்டியரிங்கைத் துடைக்க ஆரம்பித்தார்.

"உங்களுக்கு அறிவிருக்கா? ஏற முன்னாடி ஒரு தடவ சீட்டத் தொட்டுப் பாருன்னு சொன்னா பாக்க மாட்டேனா? வலது கை நல்லாத்தான இருக்கு?" திட்டிக்கொண்டே அழுதார். அழுதுகொண்டே, கவுன்டரில் வரிசையை நேராக்கும் அதே குரலில், "ஃபினிஷ்ட் வித் இன்ஜின்" என்றார்.

சார் சாவியைத் திருப்பினார்.

கப்பலில் வண்டி போகவில்லை. ஆவரேஜ் எங்கேயோ ஏறிப் போய்விட்டது. ஸ்போர்ட்ஸ் கார் இவ்வளவு தருமா என்று பங்குக்காரர்களே கேட்கும் அளவுக்கு. டேங்கர் வந்து கியூ போன பிறகும் பழக்கம் மாறவில்லை. மரத்தடிக்கு வந்ததும் அக்கா ஆர்டர் போடுவார், சார் அணைப்பார். அக்கா திரும்பி வந்ததும் வலது கையால் சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு உட்காருவார்.

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறிய ஒரு நாள் நானும் அங்கே இருந்தேன். மரம் இலை உதிர்த்திருந்தது. அக்கா அவசரத்தில் சீட்டைத் தொட மறந்து உட்கார்ந்துவிட்டார். உறையின் ஓரம் சுருண்டு கறுப்புத் தோல் வெளியே தெரிந்தது.

"ஸ்ஸ்" என்று இடது காலை இழுத்துக்கொண்டார். "சுடுதுங்க."

சார் பதறிப்போய் ஏசி போடச் சாவியைத் தேடினார். பாதியில் அவர் கை நின்றுவிட்டது. மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்தார்.

"எந்தக் காலு?"

அக்கா இடது காலை மறுபடி மெதுவாக அந்தத் தோலில் வைத்துப் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"சுடுதுங்க" என்றார் மறுபடியும்.

தம்பிமார்களே, நான் கற்றது இதுதான். ஆவரேஜ் இல்லை என்று ஒருவர் வந்தால், வண்டி எவ்வளவு ஓடுகிறது என்று கேட்கும் முன், அது எங்கே நிற்கிறது, யாருக்காக நிற்கிறது என்று கேளுங்கள். பிறகு ஸ்பேனரை எடுங்கள்.