ஆறாவது படத்துப் பையன்

பார்சலைப் பிரித்ததும் முதல் வேலையாகப் புத்தகத்தை மோந்து பார்த்தேன். பழக்கம்தான். அரசு வேலையில் இருந்த காலம் முழுவதும், அச்சாகி வந்த எதையும் மோந்து பார்க்காமல் நான் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டதில்லை. மை காயாமல் கட்டி அனுப்பினால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதற்கு அச்சிட்டவர் பொறுப்பில்லை, அனுப்பியவர் பொறுப்பில்லை. கையெழுத்துப் போட்டவன்தான் விளக்கம் எழுத வேண்டும்.

மூன்றும் படக்கதைகள். பெங்களூரில் இருக்கும் மகள் அனுப்பியவை. “அப்பா, இதுல ஒருத்தரும் பறக்க மாட்டாங்க. நம்பிப் படிங்க” என்று போனில் சொன்னாள். நம்பச் சொல்லி யாராவது சொன்னாலே எனக்கு உள்ளே ஒரு மணி அடிக்கும்.

எல்லாம் உங்களால் வந்தது. பறக்கிறவன், சுவரில் ஊர்கிறவன் எல்லாம் இல்லாமல், நம்மைப் போன்ற ஆட்கள் வருகிற காமிக்ஸ் ஏதாவது இருக்கிறதா, புதிதாகத் தொடங்குகிறவன் எதில் தொடங்குவது என்று கேட்டீர்கள். விசாரித்துச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். விசாரணை என்றால் நமக்கு முறை உண்டே. முதலில் இணையத்தில் ‘தொடங்குபவருக்கான பத்து’ என்று பட்டியல் போட்டிருப்பவர்களைப் பார்த்தேன். நான்கு பட்டியலிலும் அதே பத்து, ஒரே வரிசையில். பத்தையும் நான்கு பேரும் படித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒருவர் எழுதியதை மூவர் ‘மேலே கண்டவாறு’ என்று முடித்திருக்கிறார்கள். பிறகு தர்மபுரியில் ஒரு புத்தகக் கடைக்குப் போனேன்.

“காமிக்ஸ் இருக்குங்களா?”

“சின்னப் பசங்களுக்குங்களா சார்?”

“எனக்குத்தான்.”

கடைக்காரர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். “உங்களுக்குன்னா ஆன்மீகம் அந்தப் பக்கம் இருக்குங்க.”

காமிக்ஸ் பக்கம் நான் இப்படிச் சந்தேகத்தோடு போவது இது முதல் முறை இல்லை. இண்டூரில் எங்கள் வூட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சலூன் இருந்தது. அங்கே ஒரு கயிறு கட்டி, துணி மாட்டும் கிளிப்பில் படக்கதைப் புத்தகங்களைத் தொங்கவிட்டிருப்பார் கடைக்காரர். பவுடர் வாசனையும் பழுப்புத்தாள் வாசனையும் கலந்து அடிக்கும். குதிரை வீரன் ஒருவன் வருவான். மூன்று நாள் இரவு பகலாகக் குதிரையை ஓட்டுவான். எங்கள் வூட்டில் இரண்டு எருமை, நான்கு மாடு. அவற்றுக்குத் தீனி போடுவது என் வேலை. ஆகவே எனக்கு ஒரு கேள்வி இருந்தது.

“அண்ணா, இந்தக் குதிரைக்குப் புல்லு யாரு போடறது?”

கத்திரியை நிறுத்திவிட்டு அவர் சொன்னார்: “படிக்கறதுன்னா படி. இல்லாட்டி தலைய குடு, வெட்டி வுடறேன். குதிரைக்கு நீ கவலப்படாத.”

கவலைப்பட்டேன். கடைசிப் பக்கம் வரைக்கும் அந்தக் குதிரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அன்றோடு நான் படக்கதையை விட்டேன். படக்கதை என்னை விடவில்லை. பிற்பாடு என் சம்பளமே அதில்தான் வந்தது.

சுகாதாரத் துறையில், ஊர் ஊராகப் போய் மக்களுக்கு எடுத்துச் சொல்லும் வேலை எனக்கு. கையில் ‘பிளிப் சார்ட்’ இருக்கும். நாள்காட்டி மாதிரி மேலே கம்பிச் சுருள் போட்ட பெரிய படங்கள். ஒவ்வொன்றாகப் புரட்டிக் கதை சொல்ல வேண்டும். யோசித்துப் பாருங்கள், நீங்கள் கேட்ட சரக்கு அதுதானே? பறக்கிறவன் இல்லை. முகமூடி இல்லை. ஒரு தாய், ஒரு பையன், ஒரு குடம். வயிற்றுப்போக்கு பற்றிய சார்ட்டில் எட்டுப் படங்கள். ஒன்றில் பையன் விளையாடுவான். இரண்டில் ஈ மொய்த்த பண்டத்தைத் தின்பான். மூன்றில் வயிறு போகும். நான்கில் கண் குழிந்து தாய் மடியில் கிடப்பான். ஐந்தில் தாயின் கைகள் மட்டும், உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைத் தண்ணீரில் கரைக்கும். ஆறில் பையன் குடிப்பான். ஏழில் எழுந்து உட்காருவான். எட்டில் ஓடுவான்.

இருபது ஊருக்கு மேல் இதைக் காட்டிவிட்டேன். எல்லா ஊரிலும் அமைதியாகப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள், பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்கள். ‘பொதுமக்கள் ஆர்வத்துடன் கண்டுகளித்தனர்’ என்று நாட்குறிப்பில் எழுதினேன். இரண்டாம் முறை போனபோது சில வூடுகளில் பொட்டலம் கூரையில் செருகியபடி அப்படியே இருந்தது, பிரிக்காமல். எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் மக்கள்மீது வந்தது.

சித்தேரி மலையில் ஒரு சிற்றூர். ஊர்ப் பெயர் வேண்டாம். காலைப் பேருந்தில் ஏறிப் போனேன். மூன்று மணிக்கு அதே பேருந்து இறங்கும், அதை விட்டால் அன்றைக்கு வேறு கிடையாது. நர்சம்மா வேறு ஊருக்குப் போயிருந்தார். போனதும் ஒரு வூட்டில் பையன் ஒருவன் படுத்த படுக்கையாக இருக்கிறான் என்றார்கள். நாலு வயது இருக்கும். முந்தின நாள் மாலையிலிருந்து வயிறு போகிறது. தோலைக் கிள்ளினால் கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. படத்தில் நான்காவதாகப் பார்த்த அதே கண். தாய் பேர் பொன்னம்மா. மூன்று மணிப் பேருந்தில் அரூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாம் என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போன தன் அண்ணன் மகன் திரும்பி வரவில்லை, அனுப்ப மாட்டேன் என்றாள். சரி, பொட்டலத்தைக் கரைத்தாவது கொடு என்றேன். வாங்கிக் கீழே வைத்தாள். தொடவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே வழி படத்தைக் காட்டுவது. வாசலில் சார்ட்டை நிறுத்தி, எட்டையும் புரட்டிக் கதையைச் சொன்னேன். மற்றவர்கள் வழக்கம்போலத் தலையை ஆட்டினார்கள். பொன்னம்மா மட்டும் எழுந்து வந்தாள். தானே பின்னால் புரட்டினாள். நான்கு, மூன்று, மறுபடி ஆறு.

“சார், இந்தப் பையன் எங்க?” என்று நான்காவது படத்தைத் தொட்டுக் கேட்டாள்.

“அதே பையன்தாம்மா. ஆறாவது படத்துல தண்ணி குடிக்கறானே.”

“இவன் இடுப்புல கவுறு இருக்குதுங்களே. குடிக்கறவனுக்கு இல்லியே.”

பார்த்தேன். முதல் நான்கு படங்களிலும் பையன் இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு, வலப்பக்கம் ஒரு தாயத்து. ஆறிலிருந்து வெறும் இடுப்பு. இத்தனை ஊரில் காட்டிய எனக்கு இது தெரியாது. நான் இண்டூர்க்காரன், எனக்கே பள்ளிக்கூடம் போகும் வயது வரை இடுப்பில் கயிறு கட்டியிருந்தார்கள். ஆண்பிள்ளை இடுப்புக் கயிற்றை எப்போது அறுப்பார்கள் என்பது எங்களில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. உயிர் போய்க் குளிப்பாட்டிய பிறகுதான் அறுப்பார்கள். ஐந்தாவது படத்தில் பொட்டலத்தைக் கரைக்கிறாள், ஆறாவதில் கயிறு இல்லை. அந்தக் கதையை இருபது ஊருக்கு நான் சிரித்த முகத்தோடு சொல்லியிருக்கிறேன். அவர்கள் மரியாதைக்குத் தலையை ஆட்டியிருக்கிறார்கள்.

“படம் போட்டவரு மறந்துட்டாரும்மா” என்றேன்.

“மறந்துட்டாரா?” சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். “புள்ளைக்குக் கவுறு கட்ட மறந்த ஆளு சொல்ற மருந்த, நான் எம் புள்ளைக்கு ஊத்தணுமா?”

சட்டைப்பையில் பேனா இருந்தது. அரசு வெளியீட்டில் திருத்தம் செய்வதற்கான நடைமுறை எனக்கு நன்றாகத் தெரியும்: பிழையைச் சுட்டி முறையான வழியில் கடிதம், மேலிடத்தின் ஒப்புதல், பிறகு பிழைதிருத்தப் பட்டியல். ஆறு மாதம் ஆகும். பையனுக்கு அந்த அளவு நேரம் இருப்பதாகத் தெரியவில்லை. சார்ட்டை மடியில் போட்டு ஆறாவது படத்துப் பையன் இடுப்பில் கோடு இழுத்தேன்.

“தாயத்து?”

போட்டேன்.

“அது இந்தப் பக்கம் சார். சோத்துக் கைப் பக்கம்.”

அடித்துவிட்டு மறுபடி போட்டேன். போதுமா என்று நிமிர்ந்தால் அவள் அடுத்த தாளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். “ஏழுல? எட்டுல? ஓடறப்ப மறுபடி அவுந்துடுமா?”

எட்டாவது படத்தில் பையன் முதுகு காட்டி ஓடுவான். முடிச்சு பின்னால் தெரிய வேண்டும் என்றாள். முடிச்சுப் போட்டேன். அந்த நேரம் பார்த்துக் கீழே பேருந்து ஹாரன் அடித்தது, கேட்டும் எழவில்லை. எழுந்தால் இந்த வேலை பாதியில் நின்றுவிடும் என்று தெரிந்தது. அவள் ஒன்றிலிருந்து எட்டு வரை மெதுவாகப் புரட்டினாள். எந்த மேலதிகாரியும் என் பதிவேட்டை அப்படிப் பார்த்ததில்லை.

“ம். இப்ப இவன் அதே பையன்” என்றாள். குடத்தைக் கழுவப் போனாள்.

கரண்டி கரண்டியாக ஊற்றினோம். முதலில் கக்கினான். மறுபடி ஊற்றினோம். “சார் சிந்தறீங்க, குடுங்க இப்படி” என்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். பொழுது சாயும் நேரத்தில் வெளியே வந்து சொன்னாள்: “மூத்திரம் போனான் சார்.” வயிற்றுப்போக்கு வந்த பிள்ளை மூத்திரம் போனால் பிழைத்துக்கொண்டான் என்று பொருள். என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த மிக நல்ல அறிக்கை அதுதான். நாட்குறிப்பில் அதை எழுதப் பத்தி ஏதும் இல்லை.

அடுத்த மாதம் இருப்புச் சரிபார்ப்பில் பேனாக் கோடு பிடிபட்டது. ‘அரசு வெளியீட்டில் தன்னிச்சையாகத் திருத்தம் மேற்கொண்டது ஏன்’ என்று குறிப்பாணை வந்தது. இரண்டு பத்தியில் விளக்கம் எழுதினேன். ஆறு, ஏழு, எட்டு ஆகிய படங்களில் அரைஞாண் கயிறு இல்லாததால் ஒரே பையன் என்ற தொடர்ச்சி கெடுகிறது, ஆவன செய்யவும். அதிசயம், ஆவன செய்தார்கள். மறுபதிப்பு வந்தது. மோந்து பார்த்துவிட்டுப் பிரித்தேன். தொடர்ச்சி கச்சிதமாக இருந்தது: எல்லாப் படத்திலும் கயிற்றை எடுத்துவிட்டிருந்தார்கள். இப்போது பையன் முதல் படத்திலேயே செத்து, செத்தபடியே விளையாடினான். அவன் விளக்கம் ஏதும் எழுத வேண்டியதில்லை.

எனக்கு வந்தவை மூன்று பிரதி. பிரதிக்கு ஏழு கயிறு வீதம் இருபத்தொரு கயிறு கட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். இந்த முறை யாருக்கும் கடிதம் எழுதவில்லை.

மகள் அனுப்பிய புத்தகங்களுக்கு வருகிறேன். இப்போது உங்களுக்குப் புரியும், நான் எப்படிப் படித்திருப்பேன் என்று. பென்சிலோடு உட்கார்ந்தேன். முதல் புத்தகத்தில் ஒருவன் குடையோடு வெளியே போய்க் குடையில்லாமல் திரும்புகிறான். வூட்டில் ஒருவரும் கேட்கவில்லை. அப்படி ஒரு வூடு உலகத்தில் இருந்தால் சொல்லுங்கள், அங்கே போய்க் குடியிருக்கிறேன். இரண்டாவதில் எல்லாரும் எப்போதும் மழை பெய்யும் ஜன்னல் ஓரமாகச் சோகமாக நிற்கிறார்கள். சோகமாக நின்றால் நிஜ மனிதர் ஆகிவிடலாம் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். சோறு யார் வடிப்பது என்று ஒரு படத்திலும் இல்லை. குதிரைக்குப் புல் போடாத கதைதான்.

மூன்றாவது புத்தகத்தில் ஒரு சிறிய வூடு. வயதான அப்பா, அவர் மகள், ஒரு குளியலறைக் கதவு. கதவுக்குப் பக்கத்தில் ஆணி, ஆணியில் நீலக் கோடு போட்ட துண்டு. நூறு பக்கத்துக்கும் மேல் அந்தத் துண்டைத் தொடர்ந்து வேவு பார்த்தேன். குளிக்கப் போனால் ஆணியில் இல்லை, வந்தால் ஈரமாகத் தொங்குகிறது. ஓரம் நைந்தது நைந்தபடியே இருக்கிறது. படம் போட்டவர்மீது எனக்கு மரியாதை வரத் தொடங்கிய நேரம் பார்த்து ஒரு பக்கத்தில் வெறும் ஆணி. அப்பாவும் குளிக்கப் போகவில்லை. எனக்கு ஒரே மகிழ்ச்சி. பிடித்துவிட்டேன். ஓரத்தில் ‘துண்டு?’ என்று பென்சிலால் எழுதினேன்.

பக்கத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“என்ன, ஆடிட்டா?”

“இங்க பாரு. துண்டை மறந்துட்டான்.”

அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தாள். “மறக்கலீங்க. அவரு போயிட்டாரு. அந்தப் பொண்ணு பாருங்க, ஒரு தட்டுதான் கழுவறா.” மொச்சைக்குத் திரும்பினாள். “இதுக்குப் போய் பென்சிலா?”

திருப்பிப் பார்த்தேன். அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் அந்தக் கிழவர் இல்லை. செத்தார் என்று ஓர் எழுத்தும் இல்லை. துண்டை எடுத்ததோடு சரி. பொன்னம்மாவாக இருந்தால் பக்கத்தைப் புரட்டியதும் சொல்லியிருப்பாள். பென்சில் எழுத்தை அழித்தேன். அழித்த தடம் தாளில் மங்கலாக இருக்கிறது. நீங்கள் இதில் தொடங்குங்கள், இதே பிரதியை அனுப்பி வைக்கிறேன். தடம் கண்ணில் பட்டால் பொருட்படுத்த வேண்டாம்.

சார்ட் கேட்டுவிடாதீர்கள், அது இல்லை. நான் ஓய்வு பெறும் ஆண்டில் பழைய படங்களை எல்லாம் கழித்துக் கட்டினார்கள். தொலைக்காட்சியும் செல்பேசியும் வந்த பிறகு சார்ட்டை யார் பார்ப்பது? சித்தேரிக் கடையிலேயே பொட்டலம் கிடைக்கிறது. பொன்னம்மா மகன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது, விசாரிக்கவில்லை. கழிவுக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். ‘பார்வையிட்டோம், இனிப் பயன்படாதவை’ என்று கையெழுத்துப் போட்டேன். மறுபடி பயன்படுத்த முடியாதபடி கிழித்துத்தான் எரிக்க வேண்டும், அது விதி. என் பங்குக்கு வந்த கட்டுக்குள் பேனாக் கோடு பட்ட அந்தப் பழைய பிரதி இருந்தது. மை பழுத்துச் செம்மண் நிறமாகியிருந்தது. ஆனாலும் கயிறு அங்கேயே இருந்தது, தாயத்து சோத்துக் கைப் பக்கம். கிழிப்பதற்கு முன் அதை அழித்துவிட வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. ஆறாவது படத்துப் பையன் கயிற்றோடுதான் போனான்.