மிட்டாய் கடித்த பட்டு

தறி அறையிலிருந்து பளாரென்று ஓர் அடியும், உடனே நாய்க்குட்டியின் அலறலும் கேட்டன. சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்த காவேரி பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

நாத்தனார் பெரியநாயகி ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றாள். தறி அறைக்குள் செருப்பு! மூன்று மாதக் குட்டியான மிட்டாய் தன் கோணியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. அடி விழுந்தும் கோணியை விட்டு இறங்கவில்லை.

"வாம்மா மகராசி, உன் செல்லம் பண்ண வேலையைப் பாரு! பாவைக் கடிச்சி வச்சிருக்குது. எவ வீட்டுக் கல்யாணப் புடவையோ, எனக்கு வயிறு எரியுதுடி!"

தறியில் நீளவாட்டில் கட்டியிருந்த அரக்குப் பட்டுப் பாவில் நாலு விரல் அகலத்துக்கு இழைகள் அறுந்து தொங்கின. காவேரிக்குப் பயம் பிடித்தது. பட்டுக்காக அல்ல, அறுந்ததை அவள் முடிச்சுப் போட்டு ஒட்டிவிடுவாள். குட்டி வந்த அன்றே அவள் கணவன் குமரகுரு சொல்லியிருந்தான்: "ஒரு இழை போச்சுன்னாலும் இது இந்த வீட்ல இருக்காது." சொன்ன சொல் மாறாதவன். அவனோடு வாழ்வதில் இருந்த ஒரே கஷ்டம் அது.

பெரியநாயகி நெசவாளி வீட்டில் பிறந்தவள். ஆனால் தறிக்குழியில் ஒரு நாள்கூடக் கால் விட்டதில்லை. பிறந்த பெருமையை மட்டும் மூக்குத்தி மாதிரி மாட்டிக்கொண்டு ஒரு கடைக்காரர் வீட்டுக்கு வாழப் போனாள். பெற்ற இரண்டு பிள்ளைகளையும் செருப்பாலும் கரண்டியாலும் அடித்தே வளர்த்தாள். இன்று அவள் போன் அடித்தால் இரண்டு பேரும் எடுப்பதில்லை. ஆகவே அவளுக்கு நேரம் நிறைய. வாரம் தவறாமல் தம்பி வீட்டுக்கு வந்து, காவேரி கூரம் கிராமத்தில் தறியே இல்லாத வீட்டில் பிறந்தவள் என்பதையும், இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளை இல்லாதவள் என்பதையும் சொல்லிக் காட்டிவிட்டுப் போவாள். குட்டி வந்த பிறகு அவளுக்கு மூன்றாவதாக ஒன்று கிடைத்தது.

"பிள்ளை பெக்காதவ நாயைக் கொஞ்சிக்கினு கிடக்கிறா."

காவேரி அந்தக் குட்டியை ஒரு நாளும் அடித்ததில்லை. தூங்கி எழுந்ததும், தின்று முடித்ததும் தூக்கிப்போய்க் கொல்லையில் விடுவாள். அங்கே ஒண்ணுக்கு, ரெண்டுக்கு இருந்துவிட்டு வந்தால் ஒரு விள்ளல் இட்லி. பல் ஊறலெடுத்தபோது பழைய துணியை முறுக்கி முடிந்து கொடுத்தாள். அவள் தறியில் உட்கார்ந்தால் அது கோணியில் உட்கார வேண்டும். அவள் தொடையைத் தட்டிக் கூப்பிட்டால்தான் இறங்கலாம். இறங்கிய ஒவ்வொரு தடவையும், ஒரு நாளைக்கு முப்பது தடவையானாலும், வாய் பேசாமல் தூக்கி வந்து அங்கேயே உட்கார வைத்தாள். ஐம்பது நாள் பிடித்தது. இன்று காபி போடப் போனபோது அவள் தொடையைத் தட்டவில்லை. குட்டி இறங்கியிருக்காது. ஆனால் அதை யார் நம்புவார்கள்?

"டேய் குரு! இங்க வந்து பாருடா!"

குமரகுரு குளித்த ஈரத்தோடு துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தான். பாவைப் பார்த்தான். குட்டியைப் பார்த்தான். மனைவியைப் பார்க்கவில்லை.

"குடுத்துடு காவேரி."

"அந்தக் கோணியிலயே கட்டி எடுத்துக்கினு போறேன்," என்றாள் பெரியநாயகி. "ஏனாத்தூர் பக்கம் விட்டா எவனாச்சும் சோறு போடுவான்."

காவேரியின் கண்ணில் நீர் முட்டியது. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. தொங்கிய இழைகளைப் பிடித்தாள். விரல்கள் நின்றன. நாய் மென்ற நூல் நசுங்கி, எச்சில் ஊறி, பஞ்சாகப் பிரிந்து வரும். இந்த நுனிகள் ஊசி மாதிரி இருந்தன. ஈரமில்லை. அத்தனையும் கோடு போட்டாற்போல் ஒரே நேராக.

இழைகளைக் கணவனின் உள்ளங்கையில் வைத்தாள். "நீங்களே சொல்லுங்க. இது பல்லு பட்ட இழையா, பிளேடு பட்ட இழையா?"

குமரகுரு நுனியை உருட்டிப் பார்த்தான். பிறகு அக்காவை நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னாடா அப்படிப் பாக்கிற? நாய்ப் பல்லு கூர்மைடா!"

காவேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடமாக இவளுக்கா பயந்தோம்? "அண்ணி, பொய் சொல்றதுக்காச்சும் ஒரு நாள் தறியில உக்காந்திருக்கலாம்."

"கூரத்துக்காரிக்குப் பட்டைப் பத்தி இன்னாடி தெரியும்?"

"எங்க வீட்ல மாட்டுக் கயிறுதான் அண்ணி. தானா இத்துப்போனது எது, கத்தி வச்சது எதுன்னு அதுலயே கத்துக்கினேன்."

"குரு, கேட்டுக்கினு நிக்கிறியேடா!"

"செருப்பைக் கீழ போடுக்கா," என்றான் குமரகுரு. "ஆட்டோ கூப்பிடட்டுமா?"

"ஒரு தெருநாய்க்காகக் கூடப் பொறந்தவளைத் துரத்துறியா? நல்லா இருப்பியாடா?" மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். சத்தம் வந்தது, கண்ணீர் வரவில்லை. அவன் அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தான்.

ஆட்டோ வந்தது. பெரியநாயகி வாசலில் நின்று, யாராவது பார்த்து ஏனென்று கேட்பார்களா என்று தெருவின் இரண்டு பக்கமும் திரும்பினாள். எதிர்வீட்டில் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். பெரியநாயகிதான் என்று தெரிந்ததும் உள்ளே போய்விட்டாள்.

ஆட்டோ முனை திரும்புவதற்கு முன்பே குமரகுரு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.