வெர்லன் செய்யாத பாவங்கள்

வெர்லன் ஸ்டிடம் வாழ்நாளில் குடித்ததெல்லாம் மோர்தான். ஆனால் அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பக்கத்து மதுக்கடைகளில் அவன் பாட்டு ஒலிக்காத கடை கிடையாது. பாட்டிலைக் கட்டிக்கொண்டு அழுகிற பாட்டு, ஓடிப்போனவளைத் தேடுகிற பாட்டு என்று வரிசையாக இசைத்தட்டு போட்டவன். குரலில் அப்படி ஒரு தள்ளாட்டம். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கோப்பை கேட்பார்கள். பாடியவனோ, மறுநாள் பள்ளிக்கூட பஸ் ஓட்ட வேண்டுமே என்று பொழுது சாய்ந்ததும் போர்த்திப் படுத்திருப்பான்!

பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், சின்ன வயதிலிருந்தே மனதில் கிடந்த ஆசையை நிறைவேற்றினான். அதே கிட்டார், அதே பிடில், ஆனால் கிறிஸ்தவ ஞானப்பாட்டுகள். கேசட் போட்டாயிற்று. ஞாயிறுதோறும் ஒவ்வொரு சபையாகப் போய்ப் பாடுவான். வாசல் பக்கத்து மேசையில் மனைவி ஆர்டித் கேசட் விற்பாள். முதல் சபையில் உருகி உருகிப் பாடினான். கேசட் பெட்டி கனம் குறையாமல் திரும்பி வந்தது.

அந்தச் சபை பாஸ்டர் அவனைத் தனியே கூப்பிட்டார். "பிரதர், பாட்டெல்லாம் பிரமாதம். ஆனா சாட்சி எங்க? எந்தக் குழியிலேர்ந்து ஆண்டவர் உங்களத் தூக்கி விட்டார்னு கேக்கத்தானே சனம் வந்திருக்கு?"

"நான் குழியில விழவே இல்லையே, பாஸ்டர்."

"ஐயையோ, அத வெளில சொல்லிடாதீங்க!"

அடுத்த சபையில் வெர்லன் மொடாக்குடியன் ஆனான். கேசட்டெல்லாம் விற்றுப் போன இடம் தெரியவில்லை. அதற்கடுத்த சபையில் சீட்டாடி வண்டியைத் தோற்றான். கோடை முடிவதற்குள் சின்சினாட்டி நகரத்தில் ஒரு செம்பட்டைத் தலைக்காரியை வைத்திருந்த அளவுக்கு முன்னேறிவிட்டான். பெண்கள் மேசைக்கு ஓடி வந்து, "எப்படித்தான் தாங்கினியோ, மகராசி!" என்று ஆர்டித்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவளும் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். பரவாயில்லையே, நன்றாகத்தான் ஒத்து ஊதுகிறாள் என்று வெர்லன் நினைத்துக்கொண்டான்.

மலைகள் தாண்டிச் சொன்ன பொய், கேசட்டோடு சேர்ந்து சொந்த ஊருக்கும் வந்து சேர்ந்தது. மளிகைக்கடையில் டெல்ஃபியா என்பவள் நாலு பேர் முன்னால் கேட்டாள்: "ஏன் ஆர்டித், அந்தச் செம்பட்டைக்குப் பிள்ளை குட்டி எதும் உண்டா?"

ஆர்டித் வாங்கிய பீன்ஸை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

"யோவ், கல்யாணமானதுலேர்ந்து என்னைத் தவிர எவளையாவது ஏறெடுத்துப் பாத்திருக்கியா நீ?"

"பஸ்ல ஏறுற டீச்சரம்மாவக் கண்ணாடில பாப்பேன். அதுவும் வேலைக்காக."

"இந்த மூஞ்சிக்குச் செம்பட்டைக்காரி ஒண்ணுதான் கேடு! ஊரே என்னைப் பாத்துச் சிரிக்குது. வர்ற ஞாயித்துக்கெழம நம்ம சபையில பாடுறல்ல? அத்தனையும் புளுகுன்னு அங்கயே சொல்லு. சொல்லல, நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். திரும்பி வரவே மாட்டேன்."

"சொன்னா அப்புறம் எந்தச் சபையும் என்னைக் கூப்பிடாதேம்மா..."

"கூப்பிடாம போகட்டும்!"

அந்த ஞானப்பாட்டுகளுக்காகத்தான் வெர்லன் இத்தனை காலம் காத்திருந்தான். ஆனால் ஆர்டித் இல்லாத வீட்டை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபை நிரம்பி வழிந்தது. பாவம் கேட்க வந்த கூட்டம், பின்னே! வெர்லன் கிட்டாரை மாட்டிக்கொண்டு எழுந்தான்.

"நான் குடிச்சதில்ல. சீட்டத் தொட்டதில்ல. சின்சினாட்டிக்குப் போனதே இல்ல. கேசட் விக்கணும்னு ஆண்டவர் வீட்டுல நின்னு புளுகினேன். என் பொஞ்சாதியத் தலைகுனிய வெச்சேன். இதுதான் என் பாவம். வேற கைவசம் இல்ல."

முன்வரிசையிலிருந்து சபை மூப்பர் எஸ்டில் மெல்லக் கேட்டார்: "அப்ப... அந்தச் செம்பட்டை?"

"இல்லவே இல்ல, எஸ்டில்."

மூப்பரின் முகம் தொங்கிப்போனது.

அப்போது கடைசியில் கேசட் மேசைப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. ஆர்டித் எழுந்து நின்றாள். சொல்லியும் கிளம்பிவிட்டாளே என்று வெர்லன் பதறினான்.

"நானும் ஒண்ணு சொல்லணும்," என்றாள். "ஒரு சபையில ஒருத்தி என்கிட்ட, 'உன்னை அடிப்பானா?'ன்னு கேட்டா. நான் ஆமான்னு தலையாட்டினேன். இந்த மனுசன் ஈ எறும்பைக்கூட அடிக்கமாட்டான்."

டெல்ஃபியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஊருல சிரிச்சப்பத்தான் எனக்குக் கோவம் வந்துச்சு. அதுவரைக்கும் வரல. அந்தப் பொம்பளைங்க என்னை அப்படியே இறுக்கிக் கட்டிப் புடிச்சுக்குவாங்க. எனக்கு நல்லா இருந்துச்சு. எங்க வீட்டுல என்னை யாரும் கட்டிப் புடிச்சு வருஷக்கணக்காச்சு."

ஊரெல்லாம் காதலைப் பாடி அழ வைத்த வெர்லன் மேடையை விட்டு இறங்கினான். அத்தனை பேரும் திரும்பித் திரும்பிப் பார்க்க, நடுவழியாகக் கடைசிவரை நடந்துபோய், மாட்டிய கிட்டாரோடு அவளைக் கட்டிக்கொண்டான். நடுவில் தந்திகள் நசுங்கி முனகின.

"அந்தச் சனியனை மொதல்ல கழட்டுயா," என்றாள் ஆர்டித், அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு.