உப்புத் தண்ணீரில் வளர்த்த சுரபுன்னை

அந்த வருடம் எங்கள் மொட்டைமாடி முழுக்கச் சுரபுன்னைக் கன்றுகள்தான். பழைய பெயிண்ட் வாளிகளில் நட்டிருந்தேன். ஒரு வரிசைக்கு நல்ல தண்ணீர், இன்னொன்றுக்குக் கடல்நீர். கடல்நீர்க் கேனை ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, காயல்பட்டினத்துச் சந்துகளுக்குள் வளைந்து வருவேன்.

தூத்துக்குடிப் பக்கம் ஒரு கழிமுகத்தில் குழாய் இறக்கி எடுத்த கருஞ்சேற்றில், பல ஆயிரம் வருடங்களுக்கு முந்தைய சுரபுன்னை இலைத் துணுக்குகள் கிடைத்திருந்தன. காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடினால், மூச்சுவிட இலைக்குக் குறைந்த துளைகளே போதும். அந்தத் துளைகளை எண்ணி, பழைய காலத்துக் காற்றைக் கணக்கிடுவதுதான் என் ஆராய்ச்சி. ஆனால் உப்பும் துளைகளைக் குறைக்குமோ என்று எனக்குச் சந்தேகம். அதற்குத்தான் இந்தக் கன்றுகள்.

இலையின் அடியில் நெயில் பாலிஷ் பூசி, காய்ந்ததும் உரித்தால் துளைகள் அச்சாக வரும். மொத்தமாக வாங்கி வந்த பாட்டில்களைப் பார்த்து உம்மா பதறிப்போனாள்.

"ஏளா, இதப் பூசுனா தொழுகைக்கு ஒளு கூடாதே!"

"எனக்கில்ல உம்மா, செடிக்கு."

"செடிக்கா? வெளிய சொல்லிராத. மாப்பிள்ள வீட்டுக்காரங்க ஓடிருவாங்க."

"ஓடுறவங்க ஓடட்டும்."

சந்தேகம் சரியாகவே இருந்தது. ஒரே மாடி, ஒரே காற்று. கடல்நீர் குடித்த இலைகளில் துளைகள் குறைவு. அப்படியானால் காற்றில் கார்பன் டை ஆக்சைடு அதிகம் என்று நாங்கள் கணித்த பழைய இலை, வெறுமனே அதிக உப்பில் நின்ற இலையாகவும் இருக்கலாம்.

என் வழிகாட்டிப் பேராசிரியர் நாசரேத்துக்காரர். முடிவுகளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, இந்த உப்புக் கதைய விட்டுரு. நமக்கு வரைபடத்துல கோடு அழகா வந்திருக்குல்லா?"

"அழகா வந்திருக்கு சார். சரியா வரல."

"அப்ப இந்த வருசம் ஆய்வேட்டுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அடுத்த வருசம் போடுங்க சார்."

வெளியே வந்து, பஸ் நிறுத்தம் வரைக்கும் அழுதேன். ஆனால் ஆய்வேட்டிலிருந்து உப்பு அத்தியாயத்தை எடுக்கவில்லை. அடுத்த வருடம் முழுவதும் இன்னும் கன்றுகள் வளர்த்தேன். விடை மாறவில்லை. அவரும் வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

வாய்மொழித் தேர்வில் வெளியூர்த் தேர்வாளர் நேராகவே கேட்டார்: "கடைசியில் பழைய காற்றில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவுதான் இருந்தது?"

"இந்த இலைகளை மட்டும் வைத்து ஒரே எண் சொல்ல முடியாது சார். இதிலிருந்து இதுவரை என்றுதான் சொல்லலாம். உப்பை ஒதுக்கிவிட்டால் ஓர் எண் கிடைக்கும். அது தப்பான எண்."

பேராசிரியர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேர்வாளர், "அந்த உப்பு அத்தியாயம்தான் இதில் உருப்படியானது," என்றார்.

பட்டம் கிடைத்தது. என் முடிவுகளை வைத்துப் பேராசிரியர் எழுதிய கட்டுரையில் அந்த அத்தியாயம் இல்லை. அதனால் அதில் என் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உப்பைப் பற்றித் தனியாக, என் பெயரில் மட்டும் எழுதி வெளியிட்டேன்.