ஈரக் கொண்டை

எங்கள் சாதிக்கு இட ஒதுக்கீடு கிடைக்கும்வரை தலையில் கத்தி படாது என்று என் அண்ணன் சபதம் எடுத்திருந்தார். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தப் பெருமையில், "நீள முடின்னா தெனமும் அலசணும்ணா" என்று சொல்லிவைத்தேன். காயவைக்கச் சொல்லவில்லை.

அவரும் தினமும் பம்புசெட்டில் தலையை நனைத்து, ஈரத்தோடு கொண்டை போட்டு, மேலே துண்டையும் கட்டிக்கொண்டு போராட்டத்துக்குப் போய்விடுவார். இரண்டே மாதத்தில் முடி சடைபிடித்து, பிடரியில் கொப்புளம் பழுத்துக் காய்ச்சல் வந்துவிட்டது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் இல்லை. அண்ணனோடு சேர்ந்து போராடியவர்களே சாலையில் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். அவரை சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே போனேன்.

"ஈரத்த கட்டி வெச்சா அழுகாம இன்னா பண்ணும்?" என்று திட்டிக்கொண்டே கம்பவுண்டர் மொட்டையடித்தார்.

"நீ சொன்னன்னுதான செஞ்சேன். படிச்சவ பேச்சு, சபதமே போச்சு" என்றார் அண்ணன்.

இப்போது மறுபடியும் வளர்க்கிறார். வாரம் இரண்டு முறைதான் சீயக்காய். காயும்வரை கொண்டை போட விடுவதில்லை. மாதாமாதம் நுனியில் ஒரு விரற்கடை நானே நறுக்குகிறேன். சபதம் என்று முரண்டு பிடித்தவரை, "கத்திதான படக்கூடாது, இது கத்திரிக்கோல்" என்று சொல்லித்தான் வழிக்குக் கொண்டுவந்தேன். யாருக்கு யோசனை சொன்னாலும், முழுதாகச் சொன்னேனா என்று பார்த்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் எழுந்திருக்கிறேன்.