டெர்வோவா, டெர்வோஸா

என் தங்கையைப் பெண் பார்க்க வந்தது ஐம்பதுகளின் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மளிகைக்கடைக்கு மேல்மாடியில் அப்போது குடியிருந்தோம். கீழே மிளகாய் வறுத்தால் மேலே நாங்கள் தும்முவோம். அன்று ஒரு நாள் வறுக்க வேண்டாம் என்று கடைக்காரரிடம் காலையிலேயே கேட்டுக்கொண்டேன். பிறகு தேக்கா சந்தைக்குப் போய் மல்லிகையும் லட்டும் வாங்கி வந்தேன்.

தங்கை ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு பெரிய கடையில், சமையலறைச் சாமான் பிரிவில் வேலை பார்த்தாள். எங்கள் உறவில் கடைக்கு வேலைக்குப் போன முதல் பெண் அவள்தான். மாப்பிள்ளை ஆங்கிலப் பள்ளி ஆசிரியர்; வீடு டோபி காட் பக்கம். எல்லாம் பொருந்தி வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போக வேண்டியதில்லை என்று மட்டும் அவருடைய அப்பா தரகரிடம் சொல்லியனுப்பியிருந்தார். பெருந்தன்மையாக நினைத்துத்தான் சொன்னார். அம்மாவும் அதைக் கேட்டு மகிழ்ந்தாள்.

தங்கை மகிழவில்லை. நான் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே, போட்டோவுல பாத்தேன், ஆளு நல்லாத்தான் இருக்காரு. ஆனா வேலைய விடணும்னா எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். நீங்களே கேட்டுடுங்க."

முதல் நாளே அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது என்று அம்மா உள்ளிருந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நான் இருவருக்கும் தலையாட்டினேன்.

அப்பா, அம்மா, பிள்ளை என்று மூன்று பேர் வந்தார்கள். பெரியவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவர் மனைவி என் அம்மாவோடு பாயில். மாப்பிள்ளை நாற்காலி நுனியில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை லட்டும் காப்பியும் கொண்டுவந்து வைத்தாள். காப்பி பிளாஸ்க்கில் இருந்தது. டெர்வோ கம்பெனி பிளாஸ்க். அந்த நாளில் ஊரில் பாதி வீட்டில் அதுதான் இருந்தது. எங்களுடையதைத் தங்கை தன் கடையில் சலுகை விலைக்கு வாங்கியிருந்தாள்.

பெரியவருக்கு மகனுடைய ஆங்கிலத்தில் பெருமை. பெண்ணிடம் ஆங்கிலத்தில் ஏதாவது கேட்கச் சொன்னார். மாப்பிள்ளை தலை நிமிராமல், கடையில் என்னென்ன விற்கிறீர்கள் என்று கேட்டார். தங்கையும் ஆங்கிலத்திலேயே சொன்னாள்: பிளேட்ஸ், கெட்டில்ஸ், டெர்வோஸ்.

"டெர்வோ பிளாஸ்க்ஸ்," என்றார் மாப்பிள்ளை.

வகுப்பில் திருத்தித் திருத்தி வந்த பழக்கம் போலிருக்கிறது. சொன்ன பிறகுதான் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. காது சிவந்துபோனது. தங்கை அதோடு விட்டிருக்கலாம்.

"எங்க கடையில எல்லாரும் டெர்வோஸ்னுதான் கேக்குறாங்க லா," என்றாள்.

கடைத்தெருப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் அந்த 'லா'வைக் கேட்டதும் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

பன்மைக்குக் கம்பெனிப் பெயரோடு 'ஸ்' சேர்க்கக் கூடாது, பொருளின் பெயரோடுதான் சேர்க்க வேண்டும் என்றார் மாப்பிள்ளை ஆங்கிலத்திலேயே. வெள்ளைக்காரச் சீமாட்டிகளே அப்படித்தான் கேட்கிறார்கள், அவர்களுக்குமா தெரியாது என்றாள் தங்கை. அவர்களிலும் படிக்காதவர்கள் உண்டு என்றார் அவர். கடையில் தன்னோடு நிற்கும் மலாய்ப் பெண் தன் மொழி வழக்கப்படி பன்மைக்கு டெர்வோ-டெர்வோ என்று இரண்டு தரம் சொல்வாள், அதற்கும் பிளாஸ்க் கிடைக்கிறது என்றாள் இவள். இதற்குள் அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. ரெண்டு டெர்வோ என்று சொன்னால் போதாதா, எதற்கு இவ்வளவு சண்டை என்று என் அம்மா கேட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. என்ன தகராறு என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். சொன்னேன்.

"முன்ன ரெண்டு எடத்துக்குப் போனோம் தம்பி. பொண்ணு எந்தப் பக்கம் உக்காந்திருந்துச்சுன்னுகூட இவனுக்குத் தெரியாது," என்றார்.

விவாதம் முடிகிற மாதிரி இல்லை. கடைசியில் மாப்பிள்ளை, "உங்க சூப்பர்வைசர்கிட்டயே கேளுங்க. திங்கக்கிழமை வேணாம், ஸ்டாக் வர்ற அன்னிக்கு, பெட்டியில என்ன போட்டிருக்குன்னு பாத்துட்டுக் கேளுங்க," என்றார்.

"ஸ்டாக் வர இன்னும் மூணு மாசம் ஆகும்," என்றாள் தங்கை. அவள் குரல் இறங்கியது. "அப்ப நான் கடையில இருப்பேனா?"

தரகர் கொண்டுவந்த செய்தி மாப்பிள்ளைக்குத் தெரியாது என்று எனக்கு அந்த நிமிடம்தான் புரிந்தது.

"ஏன், எங்க போறீங்க?" என்றார்.

தங்கை பெரியவரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மாப்பிள்ளையும் திரும்பித் தன் அப்பாவைப் பார்த்தார். பெரியவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேலைய விட வேணாம், அப்பா," என்றார் மாப்பிள்ளை தமிழில். குரலை உயர்த்தவில்லை. "அவங்களுக்குப் பிடிச்சிருந்தா போகட்டும்."

நான் கேட்க வேண்டியதை அவரே முடித்துவிட்டார். பெரியவர் ஜன்னலிலிருந்து திரும்பினார். ஆறிப்போன காப்பியை எடுத்து முழுவதும் குடித்தார்.

"ஏம்மா, ஹை ஸ்ட்ரீட்டுக்கு எங்க வீட்டுலேருந்து எந்த பஸ்ஸு?" என்று தங்கையைக் கேட்டார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. விடுப்பு முடிந்து தங்கை கடைக்குப் போன முதல் நாள் காலையில் நல்ல மழையாம். பெரியவர்தான் பஸ் நிறுத்தம் வரை குடை பிடித்துக்கொண்டு கூடப் போனாராம். பஸ் வந்ததும் குடையை மருமகள் கையில் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே வீடு திரும்பினாராம். ஒரு வாரம் ஜலதோஷம் என்று சம்பந்தியம்மா என் அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.