அட்மின் சேவியரின் தீர்ப்பு
சேவியர் உள்ளங்கையை ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். பாகூர் கடைத்தெருவில் ஸ்பீக்கர் பழுது பார்க்கும் கடை அவருடையது. பாஸ் என்கிற அடித்தொனியை அளவெடுக்க மீட்டர் இருக்கிறது, தொடுவதில்லை. "பாஸ் காதுல கேக்கக் கூடாதுப்பா, அடிவயித்துல கேக்கணும்" என்பார். சாவு வீட்டுக்குப் போகிற பெட்டியானாலும் உள்ளங்கை சரி என்றால்தான் கடையை விட்டு இறங்கும்.

நாற்பத்து மூன்று வயதில் அவரைப் பிடித்து ஆட்டும் பித்து டப்ஸ்டெப். லண்டனில் பிறந்த இசை. பாட்டைவிட அதிர்வுதான் அதிகம். பாகூர், வில்லியனூர், கடலூர் என்று அறுபது பேர் அதற்கு ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். சேவியர்தான் அட்மின். யார் அசல், யார் காசுக்குப் போனவன், பெரிய மேடை கிடைத்ததும் எவன் கத்தலைக் கூட்டி பாஸைக் குறைத்தான் என்று ஆண்டுக்கணக்காக ஒரே வழக்கு. வாதிகள் மட்டும் மாறுகிறார்கள். கடைசியில் சேவியரின் குரல்பதிவு வரும்: "அவன் வித்துட்டாம்பா. வுடு." அதற்கு மேல்முறையீடு கிடையாது.

இப்போது அந்தக் குரலில் சுரத்தில்லை. "பல்லு வெளக்கறதுக்குள்ள நூத்திப்பத்து மெசேஜ். இன்னாத்துக்குடா இப்புடி அடிச்சிக்கிறீங்க" என்று போனைக் கவிழ்த்து வைக்கிறார். மனைவி ஸ்டெல்லா விடுவதில்லை. "நீ கெளப்பி வுட்டதுதான, நீயே அனுபவி."

அலுப்புக்குக் காரணம் வேறு. ஆடித் தள்ளுபடிக்காக ஜவுளிக்கடை ஆதிமூலம் விளம்பரத்துக்கு இசை கேட்டார். பேர் வெளியே வராது என்ற தைரியத்தில் சேவியர் ஒத்துக்கொண்டார். இணையத்தில் கிடைத்ததை வெட்டி ஒட்டியிருக்கலாம். பாழாய்ப்போன கை கேட்கவில்லை. மூன்று வருடமாகச் செதுக்கி, யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த பாஸைப் புடவை விலைக்குப் பின்னால் போட்டுவிட்டார். விளம்பர ஆட்டோ சோரியாங்குப்பம் வரை சுற்றுகிறது. யார் போட்டது என்று தெரியாமலே குழு இரண்டாகிவிட்டது. நம் பக்கத்தில் இப்படி ஒரு பாஸ் யாரும் போட்டதில்லை என்கிறார்கள் சிலர். புடவைக்கு விற்றவனெல்லாம் கலைஞனா என்கிறார்கள் மற்றவர்கள்.

போட்டது தான்தான் என்றால் இத்தனை வருடப் பேர் போய்விடும். விற்றுவிட்டான் என்றால், பெற்ற பிள்ளையைத் தன் வாயாலேயே மறுப்பதாகும். மூன்று நாளாகக் குரல்பதிவு இல்லை.

இன்று காலை வில்லியனூரிலிருந்து புகழேந்தி நேரிலேயே வந்துவிட்டான். குழுவில் அவன் வாய்தான் நீளம்.

"இன்னாண்ணா கம்முனு இருக்க? வித்துட்டானா இல்லியா, சொல்லு."

"நான் இன்னும் அத்தக் கேக்கவே இல்லப்பா" என்றார் சேவியர், தலை நிமிராமல்.

சொல்லி வாய் மூடவில்லை, விளம்பர ஆட்டோ தெருமுனையில் திரும்பியது. கூரையில் கட்டியிருந்த பெட்டியில் திருகு தளர்ந்து, பாஸ் வரவேண்டிய இடத்தில் தகரம் அடித்தது. சேவியர் பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு ஸ்குரூ டிரைவரோடு தெருவில் இறங்கிக் கையைக் காட்டி ஆட்டோவை நிறுத்தினார். நான்கு திருகையும் முடுக்கினார்.

"மொதல்லேர்ந்து போடு."

வலது உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். புடவை விலை சொன்ன குரல் நின்று, ஒரு கணம் தெருவில் சத்தமே இல்லை. அந்த இடைவெளியில், இன்னும் கேட்கவே இல்லை என்ற சேவியரின் இடது கை தானாக மேலே எழுந்தது. புகழேந்தி பார்த்துக்கொண்டிருக்க, பாஸ் விழுந்த அதே நொடியில் கீழே இறங்கியது.